ஒரே கூரையின் கீழ் வாழ்வோர் ஒருவரையொருவர் அறிகிறார்களா? வர்க்கமும் சமூக மதிப்பும் பற்றி ஒரு விவாதம்

அகல்விளக்கு (வெள்ளவத்தை)

ஒருவர் சமூகத்தில் எங்கே நிற்கிறார் என்று கேட்டால், நம்மில் சிலர் அவருடைய வருமானத்தைச் சொல்கிறோம், சிலர் சாதியைச் சொல்கிறோம். இவ்விரண்டுக்கும் இடையிலான உறவை நின்று ஆராய்பவர்கள் குறைவு. ஜெர்மானியச் சமூகவியலாளர் மக்ஸ் வெபர் 1920இல் மறைந்தார். அவருடைய பெருநூல் 1922இல் வெளிவந்தபோது, வர்க்கமும் சமூக மதிப்பும் வெவ்வேறு அச்சில் சுழல்பவை என்ற விளக்கம் அதில் இருந்தது. சந்தைக்கு ஒருவர் எதைக் கொண்டுவர முடிகிறது, நிலத்தையா, மூலதனத்தையா, கற்ற வித்தையையா, வெறும் உடலுழைப்பையா என்பதைப் பொறுத்து அமைவது வர்க்கம். பிறர் ஒருவருக்கு வழங்கும் அல்லது மறுக்கும் கௌரவத்தைப் பொறுத்து அமைவது மதிப்பு. அது வாழ்க்கை முறையில் வெளிப்படுகிறது. யாரோடு இருந்து உண்பது, யாருடைய வீட்டில் சம்பந்தம் செய்வது என்ற எல்லைகளே அதற்குக் காவல்.

கொழும்புத் தமிழரின் வாழ்க்கையை இந்த விளக்கம் எவ்வளவு நெருக்கமாகத் தொடுகிறது என்பதற்கு, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பக்கத்தை வாசித்தால் போதும். மணமகனின் தொழில், வசிக்கும் நாடு, அந்நாட்டின் நிரந்தர வதிவிட உரிமை ஆகியவை வர்க்கத்தைப் பேசுகின்றன. விளம்பரத்தின் முதல் வரியிலேயே இடம்பிடிக்கும் ‘யாழ். இந்து வேளாளர்’ என்பது மதிப்பைப் பேசுகிறது. கனடாவில் வீடு வாங்கியவராயினும் அந்த முதல் வரியைத் தாண்டாமல் அடுத்த வரிக்குச் செல்ல முடிவதில்லை.

உண்பதன் எல்லையைப் பற்றி நாம் வெபரிடம் கற்க வேண்டியதும் இல்லை. 1920களில் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸினர் தீண்டாமைக்கு எதிராகக் குரல் கொடுத்தார்கள். பாடசாலைகளில் சம ஆசனமும் சம போசனமும் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. ஒரு வாங்கில் அமர்வதும் ஒரு பந்தியில் உண்பதும் அவ்வளவு பெரிய பிணக்குக்குக் காரணமானது, மதிப்பு குடியிருந்த இடங்கள் அவையே என்பதனால்தான். பின்னர் 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சாதியைக் காட்டிப் பொது இடங்களில் ஒருவரை விலக்குவது குற்றமாயிற்று. ஆனால் வீட்டுச் சமையலறைக்குள் எந்தச் சட்டமும் வரவில்லை.

இந்த விவாத இழையை நான் தொடங்குவதற்குக் காரணமும் அந்தச் சமையலறைதான். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் உள்ள பல தொடர்மாடிகளில் சமையலறைக்குப் பின்னால் ஜன்னல் சிறுத்த ஓர் அறையும் அதற்கென ஒரு தனிக் கழிவறையும் வரைபடத்திலேயே இடம்பெறுகின்றன. மலையகத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்த ஒரு பெண் அங்கே ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார். அவருடைய கோப்பையும் தட்டும் வேறு அடுக்கில் இருக்கின்றன. தொலைக்காட்சி பார்க்கும்போது அவர் தரையில் அமர்கிறார், அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததாகவும் நினைவில்லை. அருகருகே வாழ்ந்தால் மனிதருக்கிடையில் புரிதல் தானாக வளரும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மதிப்பின் எல்லை ஒரு வீட்டுக்குள் ஓடும்போது, அந்த எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்கள் ஒருவரையொருவர் அறிவது எந்த அளவுக்கு இயலும்? நண்பர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

பேரேடு (செட்டியார் தெரு)

ஐயா, நீங்கள் மதிப்புக்குத் தனி ஆட்சியைக் கொடுத்துவிடுகிறீர்கள் என்று அஞ்சுகிறேன். நகைக்கடையில் கணக்கு எழுதுபவன் நான். கடைக்குள் வருபவரின் பரம்பரையை நாங்கள் விசாரிப்பதில்லை, அவர் வாங்கப்போகும் பவுணைத்தான் பார்க்கிறோம். 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் மாதத்தில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை மே மாதத்துக்குள் 360 ரூபாவுக்கு ஏறியது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாயிற்று. நல்ல குடும்பம், நல்ல பாடசாலை, அரச உத்தியோகம் என்று தலைநிமிர்ந்து வாழ்ந்தவர்கள் தாலிக்கொடியை அடகுவைக்க வந்தார்கள். ஒரு பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்த முச்சக்கரவண்டி ஓட்டுநரின் குடும்பம் அதே வாரத்தில் காப்பு வாங்க வந்தது. எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நின்ற வரிசையில் மதிப்பு எந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தது? உற்பத்திச் சாதனம் யாருடைய கையில், கூலி யாருடைய கையில் என்ற மார்க்ஸின் கேள்வியே அடிப்படையானது. மதிப்பு அதன் நிழல். நிழல் சிறிது பிந்தி நகரலாம், ஆனால் உருவம் நகர்ந்தால் அதுவும் நகரத்தான் வேண்டும்.

அகல்விளக்கு

பேரேடு அவர்களே, நீங்கள் சொன்ன 2022 வெபருக்கு எதிரான சாட்சியன்று. பொருளாதார நிலை அமைதியாக இருக்கும் காலங்களில் மதிப்பின் அடுக்குகள் வலுக்கும் என்றும், பொருளாதாரம் குலுங்கும் காலங்களில் வர்க்கம் முன்னுக்கு வரும் என்றும் அவரே எழுதினார். சொத்து நாளடைவில் மதிப்பாக மாறும் என்பதையும் அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்த மாற்றத்துக்கு ஒரு தலைமுறை தேவைப்படுகிறது. புதிதாகப் பணம் சேர்த்தவரை மதிப்புடைய குழு ஏற்பதில்லை. அவருடைய பிள்ளைகள் அக்குழுவின் பழக்கங்களில் வளர்ந்து, தந்தை பணம் சேர்த்த தொழிலின் அடையாளம் தங்கள் மீது படாமல் பார்த்துக்கொண்டால், அவர்களை ஏற்கிறது. காப்பு வாங்க வந்த அந்த ஓட்டுநரின் மகளுக்கு, அடகுவைக்க வந்தவர் வீட்டில் சம்பந்தம் பேசினார்களா என்பதே என் கேள்வி.

ஊவா மகள்

இருவரும் மேலேயிருந்து கீழே பார்க்கும் படிக்கட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதைக் கீழேயிருந்து பார்த்தவள் நான். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள், பல்கலைக்கழகம் முடித்து இப்போது கொழும்பில் வேலை பார்க்கிறேன்.

தோட்டத்தில் மதிப்பு என்பது மலையின் உயரம். மேட்டில் தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் பங்களா, அதற்குக் கீழே உத்தியோகத்தர்களின் குவாட்டர்ஸ், பள்ளத்தில் எங்கள் லயம். கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகள்தான். அவர்களுடைய தந்தையின் சம்பளமும் பெரிய சம்பளமில்லை. ஆயினும் அவர்கள் எங்களோடு விளையாடக் கூடாது என்ற ஒழுங்கு இருந்தது. அந்த ஒழுங்கை வெறும் பணத்தால் விளக்க முடியாது என்பதில் அகல்விளக்கு ஐயாவோடு நான் உடன்படுகிறேன். சட்டமும் எங்களை அந்தப் பள்ளத்தில் வைத்திருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான எங்கள் பாட்டனாரின் தலைமுறையை நாடற்றவர்களாக்கியது, அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சம்பளம் குறைந்ததனால் மதிப்புக் குறைந்ததா, மதிப்பில்லாததனால் சம்பளத்தைக் குறைவாக வைத்திருக்க முடிந்ததா என்று பேரேடு அண்ணா எனக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது என்பதே என் எண்ணம்.

இனி அந்தச் சமையலறைக்குப் பின்னாலுள்ள அறைக்கு வருகிறேன். என் பெரியம்மா கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் என் சிறுவயது முழுவதும் வேலை செய்தவர். அந்த வீட்டு அம்மாவின் மனநிலையை, அவர் சாவிக்கொத்தை மேசையில் வைக்கும் ஓசையிலிருந்தே பெரியம்மா அறிவார். ஐயாவுக்கு நீரிழிவு என்பதும், அவர் வைத்தியரிடம் எதை மறைக்கிறார் என்பதும், மகன் பரீட்சையில் தவறியதை உறவினருக்கு எப்படித் திரித்துச் சொன்னார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர்களோ பெரியம்மாவின் அடையாள அட்டையிலுள்ள பெயரை அறியாமல், தங்களுக்கு வசதியான வேறொரு பெயரால் அழைத்து வந்தார்கள். அவருடைய தோட்டத்தின் பெயரைக்கூட ஒருவரும் கேட்டதில்லை. ‘மலைநாடு’ என்ற ஒரு சொல் அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

இந்த ஏற்றத்தாழ்வை அமெரிக்கக் கறுப்பினப் பெண் சமூகவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜூடித் ரோலின்ஸ் பொஸ்டன் நகரில் தாமே வீட்டுப் பணியாளராக வேலை செய்து ஆராய்ந்தார், ஆய்வு 1985இல் நூலாயிற்று. தாம் அங்கே நிற்கும்போதே, ஆளில்லாத அறையில் பேசுவதைப் போல வீட்டார் தங்களுக்குள் பேசிக்கொண்டதை அவர் பதிவுசெய்தார். திருப்பிக் கொடுக்க முடியாத பழைய உடுப்புப் பரிசுகள் எதைச் செய்கின்றன என்பதையும் எழுதினார். பற்றீசியா ஹில் கொலின்ஸ் 1986இல் இன்னொன்றைச் சொன்னார். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த கறுப்பினப் பெண்கள் வீட்டுக்குள் இருந்தும் வீட்டுக்கு வெளியாராக இருந்தார்கள். அதனாலேயே அந்த வீட்டாரைப் பற்றி வீட்டார் அறியாததை அறிந்தார்கள்.

எனவே ஐயா, உங்கள் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. எல்லைக்குக் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை அறிவார், அறியாவிட்டால் வேலையும் சோறும் போகும். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை அறிய வேண்டிய தேவையே இல்லை. அறியாமல் இருக்க முடிவதுதான் அவர்களுக்குள்ள வசதிகளில் மிகப் பெரியது.

கரும்பலகை (பொரளை)

சகோதரியின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். அதன் உண்மையை ஏற்றுக்கொண்டே ஓரிடத்தில் தடுக்க விரும்புகிறேன்.

அறிதல் என்பதில் பல படிகள் உள்ளன. வெபர், சீசரைப் புரிந்துகொள்ளச் சீசராக இருக்க வேண்டியதில்லை என்றார். வியன்னாவில் பிறந்து, நாள் முழுவதும் வங்கித் தொழிலில் இருந்துகொண்டே மெய்யியல் எழுதிய அல்பிரட் ஷுட்ஸ், 1932இல் அந்த இடத்தில்தான் வெபரின் கருத்தோடு வாதிட்டார். நாம் மனிதர்களைப் பெரும்பாலும் வகைகளாகவே அறிகிறோம் என்பது அவருடைய விளக்கம். தபாற்காரர், கடைக்காரர், பொலிஸ்காரர் என்ற வகை தெரிந்தால் போதும், கடிதமும் வரும், சாமானும் வரும். முகத்துக்கு முகம் நின்று, காலத்தையும் இடத்தையும் பகிர்ந்து, சேர்ந்தே முதுமையடைபவர்களிடையே மட்டும் அந்த வகை உடைந்து ஒரு தனி மனிதர் தெரியத் தொடங்குகிறார் என்று அவர் கருதினார்.

பெரியம்மாவின் வாழ்க்கை ஷுட்ஸைச் சோதனைக்கு உட்படுத்துகிறது. காலமும் இடமும் பகிரப்பட்டன, அவர்கள் சேர்ந்தே முதுமையடைந்தார்கள், ஆயினும் வீட்டார் பக்கத்தில் வகை உடையவில்லை. மதிப்பின் எல்லை முகத்துக்கு முன்னாலேயே ஒரு திரையை இட முடியும் என்பதை ஷுட்ஸ் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அவர் செய்த வேறொரு பிரிப்பு நமக்கு உதவும். ஒரு செயலுக்கு இரண்டு விதமான காரணங்கள் உண்டு. எதை அடைவதற்காகச் செய்கிறார் என்பது ஒன்று. எத்தகைய கடந்தகாலம் அவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்பது மற்றையது. வேலைக்கார அம்மா விடுமுறை கேட்டால், ‘முற்பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவதற்காக’ என்று வீட்டார் முதலாவதை மட்டும் ஊகிக்கிறார்கள், இரண்டாவதை அவர்கள் தேடுவதே இல்லை. சகோதரியிடம் என் கேள்வி இதுதான். பெரியம்மா அந்த வீட்டாரின் இரண்டாவது காரணத்தை அறிந்தாரா? சாவியின் ஓசை அந்த அம்மா அடுத்து என்ன செய்வார் என்பதைச் சொல்லும். அவர் ஏன் அப்படியானார் என்பதைச் சொல்லுமா? பிழைப்புக்காகக் கற்ற அறிவு பிழைப்புக்கு வேண்டிய அளவோடு நின்றுவிடக்கூடும். தெமட்டகொடையிலும் கிராண்ட்பாஸிலும் ‘தோட்டம்’ என்று அழைக்கப்படும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளிலிருந்து வரும் என் மாணவர்களின் தாய்மார், ஆங்கிலம் பேசும் ஆசிரியை தங்களை இழிவாகத்தான் நினைப்பார் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, பெற்றோர் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. அவர்கள் அறிந்திருப்பதும் ஒரு வகையைத்தான். அந்த வகைக்குத் தக்க அனுபவம் அவர்களுக்கு உண்டு என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்த வகைக்குப் பின்னால் நிற்கும் என்னை அவர்கள் காண்பதில்லை.

ஊவா மகள்

ஆசிரியை அக்கா கேட்டது நியாயமான கேள்வி. பெரியம்மா அந்த இரண்டாவது காரணத்தையும் அறிந்திருந்தார். அந்த வீட்டு அம்மா, தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தில் தன் வீடு எரிந்தபின் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தவர். இரவில் வாசற்கதவுப் பூட்டைப் பலமுறை சரிபார்ப்பதும், அலுமாரியில் எப்போதும் ஒரு பையை ஆயத்தமாக வைத்திருப்பதும் ஏன் என்று பெரியம்மாவிடம் அவரே ஒருநாள் சொன்னார். அதே ஆண்டில் பெரியம்மாவும் அடிபட்டு ஓடியவர்தான். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் அவரிடம் விசாரிக்கவில்லை. ஒரே நெருப்பு இருவரையும் சுட்டிருந்தது, அதைச் சொல்லும் உரிமை மட்டும் ஒருவருக்கே இருந்தது. மேலே இருப்பவருக்கு மனம் திறக்க ஆள் வேண்டும், கீழே இருப்பவர் கேட்டுக்கொண்டிருப்பார். அதனால்தான் இரண்டாவது காரணமும் ஒரு பக்கமாகவே ஓடுகிறது என்கிறேன். உங்கள் மாணவர்களின் தாய்மார் வாய் திறக்காததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அவர்கள் தங்கள் கதையைச் சொன்ன இடங்களில் அது கேட்கப்படவில்லை.

ஆமர்வீதிக்காரன் (கொட்டாஞ்சேனை)

இதுவரை பேசியவர்கள் ஆங்கிலத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டீர்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல், இரசனையும் பேச்சும் உடல் அசைவும் பணத்தைப் போலவே சேமித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் சொத்துகள் என்று காட்டினார். சிங்கள நண்பர்கள் ஆங்கிலத்தைக் ‘கடுவ’ என்பார்கள், வாள் என்று பொருள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது, பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. அந்தச் சீர்திருத்தம் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் இங்கே எழுதியிருக்க மாட்டோம். ஆனால் அதன்பின் உயர் வருமானக் குடும்பங்கள் வேறு வழியைக் கண்டுபிடித்தன. பிள்ளைகளைச் சர்வதேசப் பாடசாலைக்கு அனுப்பி, வீட்டிலும் ஆங்கிலத்திலேயே வளர்த்து, கூடவே தமிழ்ப் பண்பாட்டின் பேரால் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மண்டபமும் பக்கவாத்தியமும் பிடித்துப் பெருந்தொகையைச் செலவிடுகிறார்கள். கலையை நான் குறைசொல்லவில்லை. பல ஆண்டுப் பயிற்சி அது, மேடையில் நிற்கும் பிள்ளையின் உழைப்பு உண்மையானது. ஆனால் அழைப்பிதழ் யாருக்குப் போகிறது என்று பாருங்கள், மதிப்பின் வட்டம் அங்கே தெளிவாகத் தெரியும்.

ஆங்கிலத்தில் நடந்த வேலை நேர்முகத் தேர்வில் நான் பதில் தெரிந்தும் தடுமாறியிருக்கிறேன். வெளியே வந்தபின் என்னை நானே நொந்துகொண்டேன், கேள்வி கேட்ட விதத்தை நோகவில்லை. 1972இல் றிச்சர்ட் செனற்றும் ஜொனதன் கொப்பும் பொஸ்டன் நகரத் தொழிலாளர்களிடம் பேசி எழுதியதில் எனக்கு மறக்காதது இதுவே. வர்க்கத்தின் காயம் பட்டவர் அதைத் தம்முடைய குறையாகவே சுமக்கிறார். ஊவா மகள் அக்கா சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். கீழே இருப்பவர் மேலே இருப்பவரை அறிந்தாலும், தம்மை அவர்களுடைய கண்ணால் பார்க்கக் கற்றுவிடுகிறார்.

பேரேடு

ஊவா மகளின் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மதிப்பில்லாததனால் சம்பளத்தைக் குறைக்க முடிந்தது என்பது உண்மையானால், நாம் முதலில் கைவைக்க வேண்டிய இடம் சம்பளமும் அதைச் சூழ்ந்த சட்டமுமே. 1871இல் பிரித்தானியர் இயற்றிய கட்டளைச் சட்டம் வீட்டுப் பணியாளரைப் பதிவுசெய்யச் சொன்னது. எசமானரின் வீட்டுக்குள் யார் நுழைகிறார் என்ற கவலையே அதன் உயிர். 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில்வாரியாகக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயிக்க வழிசெய்தபோது வீட்டு வேலைக்கென ஒரு சபை அமைக்கப்படவில்லை. 2011இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளருக்கான 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. வாரத்தில் குறைந்தது தொடர்ச்சியான 24 மணிநேர ஓய்வு வேண்டும் என்று அது சொல்கிறது.

ஓய்வு நாள் என்று ஒன்று இருந்தால், பெரியம்மா அந்த நாளில் எங்கே போனார் என்று யாராவது கேட்டிருப்பார்கள். போக ஓர் இடமும் அந்த இடத்துக்கு ஒரு பெயரும் உள்ளவர் அவர் என்பது அப்போதுதான் வீட்டாருக்குத் தெரியவரும். புரிதலை மனப்பாங்கின் விடயமாக விட்டால், அது நல்ல எசமானி கிடைத்த பெண்ணுக்கு மட்டும் கிடைக்கும் அதிர்ஷ்டமாகிவிடும்.

அகல்விளக்கு

பேரேடு அவர்களும் நானும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து ஓரிடத்தில் சந்தித்திருக்கிறோம் என்று கருதுகிறேன். கோப்பையும் கதிரையும் சிறியவை என்று அவர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சம்பளம் கூடிய பின்னும் தரையில் அமரச் சொல்லும் வீடுகள் உண்டு. ஆனால் ஓய்வு நாள் எழுத்தில் இல்லாத வீட்டில் கதிரை கொடுத்தாலும் அது இரக்கமாகவே இருக்கும் என்பதை ஏற்கிறேன்.

நான் வசிக்கும் தொடர்மாடியில், மொட்டைமாடித் தோட்டத்திலுள்ள இருக்கைகள் குடியிருப்பாளருக்கு மட்டுமே உரியவை என்று ஓர் அறிவித்தல் தொங்குகிறது. அங்கேயே இரவும் பகலும் தங்கி வேலை செய்யும் பெண்கள் குடியிருப்பாளர் கணக்கில் வரமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் சொல்லாமலே விளங்கியிருக்கிறது. மாலையில் அவர்கள் படிக்கட்டில் அமர்கிறார்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அந்த அறிவித்தலை அகற்றவும், வாராந்த ஓய்வு நாளை எல்லா வீட்டாரும் எழுத்தில் ஏற்கவும் பிரேரணை கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வாசகத்தை இங்கே இடுகிறேன், ஊவா மகளும் கரும்பலகை ஆசிரியையும் திருத்தித் தர வேண்டும்.

ஊவா மகள்

திருத்தித் தருகிறேன் ஐயா. ஆனால் வாசகத்தை எழுதுமுன் அந்தப் படிக்கட்டில் அமரும் பெண்களிடம் கேளுங்கள். வீட்டார் யாரும் அருகில் இல்லாத நேரத்தில், முடிந்தால் ஆசிரியை அக்காவைப் போன்ற ஒரு பெண்ணை அழைத்துச் சென்று கேளுங்கள். ஓய்வு நாள் ஞாயிறாக இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிவிடுவீர்கள். ஊருக்குப் போய்வர வேண்டியவர்களுக்கு மாதத்தில் சேர்ந்தாற்போல நான்கு நாட்கள் வேண்டியிருக்கலாம், ஊரில் யாருமற்றவர்களுக்கு வேறொன்று வேண்டியிருக்கலாம். முதல் தடவையில் அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ‘எங்களுக்கு ஒரு குறையும் இல்லை’ என்பார்கள். மறுபடியும் போக வேண்டும்.